டர்பைன் தெரிந்தவர் பேனல் பூட்டப் போகலாமா?

கேள்வி: நிலக்கரி அனல் மின் நிலையம் ஒன்றின் டர்பைன் பராமரிப்புப் பிரிவில் ஒன்பது ஆண்டுகளாக வேலை செய்கிறேன். மெக்கானிக்கல் டிப்ளமோ, வயது 33. புதிதாகச் சூரிய மின் பண்ணை அமைக்கும் நிறுவனம் ஒன்று மேற்பார்வையாளராக வரச் சொல்கிறது. சம்பளம் சற்றுக் கூடுதல். ‘நிலக்கரிக்கு இனி வாழ்வில்லை, இப்போதே தாவிவிடு’ என்கிறான் தம்பி. மனைவிக்கு விருப்பமில்லை. மின் பொறியியல் இறுதியாண்டில் இருக்கும் தங்கையும் எந்தப் பக்கம் போவது என்று என்னைத்தான் கேட்கிறாள். என்ன செய்யலாம்?

பதில்: மனைவி ஏன் தயங்குகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. அவரிடம் கேட்டீர்களா என்றே எனக்குச் சந்தேகம். நான் ஒன்று கேட்கிறேன்: அந்த வேலை எத்தனை மாதத்துக்கு?

பண்ணை கட்டும்போது நூற்றுக்கணக்கானவர்கள் வேண்டும். கம்பம் நட, தகடு பூட்ட, கேபிள் இழுக்க ஆள் போதாது. கட்டி முடித்து மின்சாரம் ஓடத் தொடங்கியதும், கழுவவும் கண்காணிக்கவும் ஒரு சிலர் போதும். மற்றவர்கள் அடுத்த இடத்துக்குப் பெட்டியைத் தூக்க வேண்டியதுதான். பாய்லர் எரியும் இடத்தில் மூன்று ஷிஃப்டுக்கும் ஆள் இருந்தே ஆக வேண்டும் என்பதற்குப் பழகிய உங்களுக்கு இது புதிய வாழ்க்கை. உலகெங்கும் புதுப்பிக்கத்தக்க ஆற்றல் துறையில் 2023இல் 1.62 கோடி வேலைகள் இருந்ததாக ஐரீனா என்னும் சர்வதேச முகமை கணக்கிட்டது. அதில் சூரிய மின்தகட்டின் பங்கு மட்டும் 72 லட்சம். தம்பி இந்த எண்ணைக் காட்டினால் மலைத்துவிடாதீர்கள். தொழிற்சாலையில் தகடு செய்பவர், கூரையேறிப் பூட்டுபவர் எல்லோரும் அதில் அடக்கம். மொத்தத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவானவை சீனாவில் இருந்தன.

தம்பி சொல்வது முழுப் பொய்யும் அல்ல. பிரிட்டன் தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பர் 30 அன்று மூடிவிட்டது. ஆனால் அதே ஆண்டில் சீனா புதிய நிலக்கரி நிலையங்களைக் கட்டிக்கொண்டிருந்தது. உங்கள் நிலையத்தின் வயது என்ன, அதன் பெரிய ஓவர்ஹால், அதாவது இயந்திரத்தைப் பிரித்துச் செய்யும் முழுப் பராமரிப்பு, எப்போது, அதற்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று விசாரியுங்கள். ஓவர்ஹாலைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வருகிறார்கள் என்றால், மூடும் நாளை நிர்வாகம் சொல்லாமல் சொல்கிறது.

எனக்கு உறுத்துவது வேறு. ஒன்பது ஆண்டில் நீங்கள் கற்றது நிலக்கரியை அல்ல, சுழலும் இயந்திரத்தை. பேரிங் சூட்டைக் கவனிப்பது, ஷாஃப்ட் அலைன்மென்ட் பார்ப்பது, அதிர்வின் வரைபடத்தைப் பார்த்து எது தேய்கிறது என்று சொல்வது எல்லாம் உங்கள் கைத்தொழில். சூரியத் தகட்டில் சுழல்வதற்கு என்ன இருக்கிறது? அங்கே உங்கள் அறிவில் பெரும்பகுதி சும்மா கிடக்கும். சொல்லப்போனால் புதிய ஆபத்து ஒன்றையும் முதலிலிருந்து கற்க வேண்டும். வெயில் இருக்கும்வரை தகட்டை அணைக்க முடியாது. 1,500 வோல்ட் வரை வரும் நேர்மின்னோட்டத்தில் தீப்பொறி பற்றினால், மாறுமின்னோட்டத்தில் அடங்குவதுபோல அது எளிதில் அடங்காது.

காற்றாலைக்கு வாருங்கள். நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து முறை சுற்றும் இறக்கையை ஜெனரேட்டருக்காக 1,500 சுற்று அளவுக்கு உயர்த்தும் கியர்பாக்ஸ் பல ஆலைகளில் உண்டு. அது பழுதானால் செலவு பயங்கரம். அதனால் முன்கூட்டியே அதிர்வைக் கேட்டுச் சொல்பவருக்கு அங்கே மதிப்பு உண்டு. புவிவெப்ப நிலையம், உயிரிப்பொருள் நிலையம், கண்ணாடிகளால் வெயிலைக் குவித்து நீராவி எடுக்கும் சூரிய வெப்ப நிலையம் ஆகியவற்றில் பெரும்பாலும் ஓடுவது உங்கள் பழைய நண்பரான நீராவி டர்பைன்தான். மூடிய நிலையங்களில்கூட வேலை முளைக்கிறது. ஜெர்மனியில் பிப்லிஸ் அணு மின் நிலையத்தின் ஜெனரேட்டர் ஒன்றை 2012இல் டர்பைனிலிருந்து பிரித்து, கிரிட் எனப்படும் மின் கட்டமைப்பின் மின்னழுத்தத்தைச் சீராக்கவே சுழலவிட்டார்கள். எண்ணெய்த் துறைக்காரர்களும் இப்படித்தான் கடந்திருக்கிறார்கள். 2017இல் ஸ்காட்லாந்துக் கடலில் முதல் மிதக்கும் காற்றாலைப் பண்ணையை இயக்கிவைத்தது நார்வேயின் எண்ணெய் நிறுவனம். கடலில் கட்டுமானங்களை மிதக்கவைக்கும் வித்தை அவர்களிடம் முன்பே இருந்தது.

காற்றாலைக்கு முயல்வதாக இருந்தால் ஜி.டபிள்யூ.ஓ. என்னும் உலகக் காற்றாலைத் துறை அமைப்பின் அடிப்படைப் பாதுகாப்புப் பயிற்சியைப் பல நிறுவனங்கள் கேட்கும். உயரத்தில் வேலை, முதலுதவி, தீ, பாரம் தூக்குதல் ஆகியவையும், கடல் காற்றாலை என்றால் கடலில் தப்பிப்பதும் அதில் வரும். இரண்டு ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும். நூறு மீட்டர் உயரம் ஒத்துக்கொள்ளுமா என்பதைப் பணம் கட்டுவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். வேலையிலிருந்தபடியே அதிர்வுப் பகுப்பாய்வுச் சான்றிதழ் ஒன்றும் வாங்கிவிடுங்கள். முடிந்தால் இப்போதைய நிறுவனத்தின் செலவிலேயே.

தங்கைக்குப் பதில் எளிது. அவர் எந்தப் பக்கமும் சேர வேண்டியதில்லை. கோளாறு வந்தால் மின்சுற்றைத் துண்டிக்கவைக்கும் பாதுகாப்பு ரிலே, துணை மின் நிலையம், மின்சேமிப்பு பேட்டரி, கிரிட் கட்டுப்பாடு இவற்றில் ஒன்றை ஆழமாகப் பிடிக்கட்டும். நிலக்கரியிலிருந்து வந்தாலும் காற்றிலிருந்து வந்தாலும் மின்சாரம் அவர் வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும்.

சூரிய நிறுவனத்துக்கு நீங்கள் உடனே மறுப்பு எழுத வேண்டாம். கட்டி முடிந்த பிறகு இயக்கப் பராமரிப்புப் பிரிவில் இடம் உண்டா, அதை எழுத்தில் தருவார்களா என்று மட்டும் கேளுங்கள். பேச்சை மாற்றினால் இப்போதைக்குப் போகாதீர்கள். எழுதிக் கொடுத்தால் அந்தக் காகிதத்தை முதலில் மனைவியிடம் காட்டுங்கள், பிறகு தம்பியிடம்.