புது செயின் போட்டும் பல் தாவுதா? ஸ்ப்ராக்கெட் கேள்விகளும் பதில்களும்

செயின் டிரைவ், அதாவது ஸ்ப்ராக்கெட் என்ற பல் சக்கரங்களைச் செயின் சுற்றி ஓட்டும் அமைப்பு பற்றி எது வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதி ஒரே புலம்பல்தான்: "புது செயின் போட்டும் நிக்கல." அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். "பெரிய செயின்", "சின்னச் சக்கரம்" என்று எழுதினால் என்னால் ஒன்றும் சொல்ல முடியாது. பிட்ச் (அடுத்தடுத்த இரண்டு பின்களின் மையங்களுக்கு இடையே உள்ள தூரம்), பல் எண்ணிக்கை, ஆர்.பி.எம். (நிமிடத்துக்கு எத்தனை சுற்று) மூன்றையும் எழுதுங்கள்.

பொள்ளாச்சி, தென்னை நார் ஆலை: கன்வேயர் டிரைவுக்கு முக்கால் இன்ச் செயின். புதுசா மாட்டி மூணு மாசம்கூட ஆகலை, பல் மேல ஏறித் தாவுதுங்க. கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டாரா?

கடைக்காரரைத் திட்டுவதற்கு முன்னால் ஒன்று சொல்லுங்கள். செயினை மாற்றியபோது சக்கரத்தை மாற்றினீர்களா? நீங்கள் அதைப் பற்றி எழுதவே இல்லை. மாற்றியிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன்.

செயின் "நீளுது" என்கிறோம். பிளேட் ரப்பர் மாதிரி இழுபடுவதில்லை. மூட்டின் உள்ளே இருக்கும் பின்னும் அதைச் சுற்றிய குழாயான புஷ்ஷும் ஒன்றோடொன்று உரசித் தேய்கின்றன. ஒவ்வொரு மூட்டிலும் முடியளவு தேய்ந்தாலும், நூறு மூட்டுக்குச் சேர்த்துப் பார்த்தால் விரற்கடைக் கணக்கில் வரும். பிட்ச் கூடக் கூட, புஷ்ஷின் மேல் உருளும் ரோலர் பல்லின் அடியில் உட்காராமல் மேலே ஏறி ஓடும். அப்படி ஓடிய செயின் பல்லைத் தன் அளவுக்குத் தேய்த்துக் கொக்கி மாதிரி வளைத்துவிடும். அந்தச் சக்கரத்தில் முக்கால் இன்ச், அதாவது 19.05 மி.மீ. பிட்ச்சில் துல்லியமாக வந்த புது செயினைப் போட்டால், ஏழெட்டுப் பல் பகிர்ந்துகொள்ள வேண்டிய பாரத்தை ஒன்றிரண்டு பல்லே தாங்கும். மூன்று மாதம் ஓடியதே பெரிது.

அளந்து பாருங்கள். மோட்டார் மெயினை அணைத்து, ஃபியூஸைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். செயினை இறுக்கமாக இழுத்து வைத்து, ஒரு பின்னின் இடது ஓரத்திலிருந்து இருபது பிட்ச் தள்ளியிருக்கும் பின்னின் இடது ஓரம் வரை டேப் பிடியுங்கள். முக்கால் இன்ச்சுக்குப் புதிதில் 381 மி.மீ. இருக்கும். 388.6 வந்தால் 2 சதவீதம் தேய்ந்துவிட்டது, புது செட்டுக்குச் சொல்லிவிடுங்கள். 392 தாண்டினால் 3 சதவீதம், கழற்ற வேண்டியதுதான். ஒரே இடத்தில் அளந்து முடிவு செய்யாமல் மூன்று இடத்தில் அளங்கள். பெரிய சக்கரத்தில் 67 பல்லுக்கு மேல் இருந்தால் 3 சதவீதம்கூடத் தாங்காது. 200-ஐப் பல் எண்ணிக்கையால் வகுங்கள், அதுதான் உங்கள் எல்லை. 90 பல் என்றால் 2.2 சதவீதம்.

உங்கள் ஆலைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நார்த்தூள் எண்ணெயைப் பஞ்சு போல உறிஞ்சிக்கொள்ளும். செயினுக்கு மூடி போடாமல் ஓட்டினால் எந்தக் கம்பெனி செயினும் நிற்காது.

கோவை, லேத் பட்டறை: அண்ணே, 08பி செயினுக்கு 40 நம்பர் சக்கரம் கையில இருக்கு. ரெண்டும் அரை இன்ச்தானே, போட்டுடலாமா?

போடாதே தம்பி. பிட்ச் இரண்டுக்கும் 12.7 மி.மீ.தான். ரோலர் வேறு: 08பி-க்கு 8.51, 40-க்கு 7.92. 40-க்கு வெட்டிய பல்லிடுக்கில் 8.51 ரோலர் அடிவரை இறங்காது. முதல் நாளே தேய்ந்த செயின் மாதிரி மேலே ஏறித்தான் ஓடும்.

நம்பரைப் படிக்கத் தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். 40, 50, 60, 80 எல்லாம் அமெரிக்க வரிசை. கடைசி எண்ணை விட்டுவிட்டு மீதியை எட்டால் வகுத்தால் இன்ச்சில் பிட்ச் வரும். 60 என்றால் 6/8, அதாவது முக்கால். 08பி, 12பி, 16பி பிரிட்டிஷ் வரிசை. அதில் பதினாறால் வகுக்க வேண்டும். 12 என்றால் 12/16, அதுவும் முக்கால்தான். அமெரிக்க 60-க்கே 12ஏ என்றும் ஒரு பெயர் இருப்பதால், கடையில் வெறுமனே "12 நம்பர்" என்று கேட்டு வாங்கி ஏமாறுகிறவர்கள் நிறைய.

ஒவ்வொரு அளவிலும் வித்தியாசம் வேறு வேறு இடத்தில் இருக்கும். முக்கால் இன்ச்சில் ரோலர் கிட்டத்தட்ட ஒன்றுதான், 11.91-க்கும் 12.07-க்கும் என்ன பெரிய வித்தியாசம்? ஆனால் உள் அகலம் 12ஏ-யில் 12.57, 12பி-யில் 11.68. 12ஏ-வுக்குச் செய்த பல் 12பி செயினுக்குள் நுழையவே நுழையாது. ஒரு இன்ச்சில் ரோலர் இரண்டிலும் 15.88, அகலம் மட்டும் 15.75, 17.02 என்று மாறும். 16பி பல்லை 16ஏ செயினில் திணித்தால் பிளேட்டை அறுத்துவிடும். வெர்னியரை எடுத்துப் பிட்ச், ரோலர், உள் அகலம் மூன்றையும் அளந்த பிறகு கடைக்குப் போ.

சேலம், ஜவ்வரிசி ஆலை: இடம் ரொம்பக் குறைச்சல் சார். முக்கால் இன்ச் செயின், கியர்பாக்ஸ் சாஃப்ட் 45 மி.மீ. அதுல 11 பல் வைக்கலாம்னு ஃபிட்டர் சொல்றார். சரியா வருமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 11 பல்லுக்குப் பிட்ச் வட்டத்தின் (ரோலர்களின் மையம் ஓடும் வட்டம்) விட்டம் 67.6 மி.மீ. 12பி செயினின் ரோலர் அளவு 12.07-ஐக் கழித்தால் பல்லின் அடிவட்டம் 55.5. அதில் சாஃப்டுக்கு 45 மி.மீ. போர் (துளை) போட்டால் சுற்றிலும் சுவர் 5.3 மி.மீ.தான் மிஞ்சும். 45 சாஃப்டுக்கு 14×9 கீ (சாஃப்டையும் சக்கரத்தையும் பூட்டும் கட்டை). அதற்காக ஹப்பில் (சக்கரத்தின் நடுப்பகுதி) 3.8 மி.மீ. ஆழம் கீ வே, அதாவது கீ உட்காரும் பள்ளம் வெட்ட வேண்டும். அந்த இடத்தில் பாக்கி ஒன்றரை மி.மீ. முதல் ஜாமிலேயே சக்கரம் இரண்டாகப் பிளக்கும்.

போர் கொள்ளும் என்றாலும் 11 பல்லை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். சக்கரம் வட்டமாகத் தெரிந்தாலும் செயினுக்கு அது பலகோணம்தான். சக்கரம் ஒரே வேகத்தில் சுற்றினாலும் செயின் விட்டு விட்டு இழுபடும். 11 பல்லில் அந்த வேக ஏற்ற இறக்கம் 4 சதவீதம், 17-ல் 1.7, 25-ல் 0.8. மெதுவாக ஓடும் கைராட்டினம் என்றால் பரவாயில்லை, மோட்டார் டிரைவுக்கு 17-க்குக் கீழே போகாதீர்கள். அதிர்ச்சி பாரம் வரும் இடம் என்றால் 19 அல்லது 21.

ஒற்றைப்படைப் பல், இரட்டைப்படை லிங்க். இதை மனப்பாடம் செய்து வைத்துக்கொள்ளுங்கள். 17 பல்லில் 84 லிங்க் ஓடினால் ஒரே ரோலர் ஒரே பல்லில் திரும்பத் திரும்ப விழாது, தேய்மானம் பரவலாகும். லிங்க் இரட்டைப்படையாக இருந்தால் ஹாஃப் லிங்க் (ஒரே ஒரு பிட்ச் நீளமுள்ள வளைந்த இணைப்பு) போட வேண்டிய தேவையும் வராது. செயினில் முதலில் அறுவது அந்த ஹாஃப் லிங்க்தான்.

இடம் இல்லை என்றால் பிட்ச்சைக் குறைத்து டூப்ளெக்ஸ் போடுங்கள். அரை இன்ச் இரட்டைச் செயின், 19 அல்லது 21 பல். எச்.பி.யும் ஆர்.பி.எம்.மும் எழுதினால் அட்டவணையில் பார்த்துச் சொல்கிறேன்.

காங்கேயம், அரிசி ஆலை மேற்பார்வையாளர்: அண்ணா, எங்க மாஸ்டர் வாரம் ஒரு தடவை செயின் முழுக்கக் கிரீஸ் அப்புறார். ஆனாலும் மூட்டுகள்ல சிவப்பா தூள் வருது. நான் சொன்னா "உனக்கு என்னம்மா தெரியும்"னு கேக்கிறார்.

உங்களுக்குச் சரியாகவே தெரிந்திருக்கிறது அம்மா. அந்தச் சிவப்புத் தூள் துருதான். பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவில் ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை என்று செயினே சொல்கிறது. கெட்டியான கிரீஸ் அந்த இடுக்குக்குள் இறங்காது. வெளியே ஒட்டிக்கொண்டு தவிட்டையும் உமித்தூளையும் பிடிக்கும். உமியில் சிலிக்கா இருக்கிறது, கிரீஸோடு சேர்ந்தால் அது உப்புத்தாள் வேலை செய்யும்.

எண்ணெய்தான் சரி. சாதாரண நாளில் எஸ்.ஏ.இ. 30 (எண்ணெயின் கெட்டித்தன்மை எண்) போதும். சித்திரை வெயிலில் ஷெட்டுக்குள் 38 டிகிரி தாண்டினால் 40 போடச் சொல்லுங்கள். வண்டியிலிருந்து இறக்கிய பழைய இன்ஜின் ஆயில் வேண்டவே வேண்டாம், அதில் உலோகத் தூள் இருக்கும். முதலில் ஒட்டியிருக்கும் கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி உலர விட வேண்டும். பிறகு, தொய்வான பக்கத்தில், செயினின் உட்புறத்தில், உள் பிளேட்டும் வெளிப் பிளேட்டும் சேரும் அந்த மெல்லிய கோட்டில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ரோலரின் நடுவில் ஊற்றினால் பல்லுக்குத்தான் போகும், பின்னுக்குப் போகாது. மிஷினை நிறுத்திவிட்டுத்தான் இதெல்லாம். ஓடும் செயினில் பிரஷ் பிடிப்பவரைக் கண்டால் மாஸ்டராக இருந்தாலும் தடுத்துவிடுங்கள்.

ஹட்டன், தேயிலைத் தொழிற்சாலை: ட்ரையரில் எண்ணெய் தேயிலை மேல் சொட்டினால் மொத்தமும் போச்சு. என்ன செய்வது?

உணவு இயந்திரத்துக்கென்று எச்1 தரத்தில், வெப்பம் தாங்கும் செயின் ஆயில் கிடைக்கும். அதையும் கொஞ்சமாகத் தடவி, மிச்சத்தைத் துணியால் துடைத்த பிறகே ஓட்டுங்கள்.

தூத்துக்குடி, உப்பு ஆலை: எஸ்.எஸ். செயினுக்கு மாறிடலாமா?

எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், துருவைத் தடுக்க நல்லது. ஆனால் அதே அளவு எஸ்.எஸ். செயின் சாதாரணச் செயின் இழுக்கும் பாரத்தை இழுக்காது, சீக்கிரம் தேயவும் செய்யும். மாறுவதானால் பாரத்தை மறுபடி கணக்கிட்டு ஒரு அளவு பெரிதாகப் போடுங்கள், சக்கரத்தையும் சேர்த்து மாற்றுங்கள். பாரம் அதிகமான டிரைவுக்கு நிக்கல் பூச்சுச் செயின் எடுத்து, நல்ல தண்ணீரில் அலசி எண்ணெய் விட்டு வைத்திருப்பது செலவுக்குக் கட்டுபடியாகும்.

அம்பத்தூர், ஜாப் ஒர்க்: கஸ்டமர் எம்.எஸ்.லயே சக்கரம் கேக்கிறார், விலை கம்மின்னு. ஈஎன் 8-ல பல்லை ஹார்டன் பண்ணித்தான் ஆகணுமா?

எம்.எஸ். என்பது கார்பன் குறைந்த மைல்ட் ஸ்டீல், ஈஎன் 8 நடுத்தரக் கார்பன் எஃகு. சின்னச் சக்கரத்துக்கு ஹார்டன் பண்ணிக் கடினமாக்குவது கட்டாயம். 19-க்கு 57 பல் டிரைவில் சின்னச் சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் பெரியதன் பல்லை விட மூன்று மடங்கு அடி வாங்கும். அதனால் சின்னதை ஈஎன் 8-ல் செய்து பல்லை மட்டும் இண்டக்‌ஷனில் 45 முதல் 50 எச்.ஆர்.சி. (கடினத்தின் அளவு) வரை ஏற்றுங்கள். மெதுவாக ஓடும் பெரிய சக்கரத்துக்கு எம்.எஸ். போதும், வார்ப்பிரும்பும் ஓடும். எம்.எஸ்.ஸை ஹார்டன் பண்ணித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் கார்பரைஸ் செய்வாரா (மேற்பரப்பில் கார்பன் ஏற்றுவாரா) என்று கேளுங்கள். அதில் கார்பன் குறைவு, வெறுமனே சூடாக்கித் தண்ணீரில் முக்கினால் பல்லில் கடினம் ஏறாது. ஈஎன் 8 பிளேட்டில் ஹப்பை வெல்ட் செய்யும்போது முன்கூட்டிச் சூடேற்றாவிட்டால் ஓரத்தில் மயிரிழை விரிசல் விடும். தேய்ந்த பல்லில் வெல்ட் வைத்து கிரைண்டரில் ராவும் வேலையை மட்டும் எடுக்காதீர்கள்.

தஞ்சாவூர், நெல் எலிவேட்டர்: சக்கரத்துல ஒரு பக்கம் மட்டும் பல்லோட பக்கவாட்டு பளபளன்னு தேஞ்சிருக்கு. செயினையும் இறுக்கிப் பார்த்துட்டேன்.

இறுக்கினால் தீராது, பேரிங்தான் போகும். சக்கரம் இரண்டும் ஒரே நேர்கோட்டில் இல்லை. இரண்டு முகத்தையும் தொடும்படி நீளமான நேர்க்கம்பியையோ இழுத்துப் பிடித்த நூலையோ வைத்துப் பாருங்கள், எந்தப் பக்கம் வெளிச்சம் தெரிகிறதோ அங்கே கோணல். அதற்கு முன் சாஃப்ட் இரண்டும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். டேப்பர் லாக் புஷ் (திருகை இறுக்கினால் சாஃப்டைக் கவ்வும் கூம்பு வடிவப் புஷ்) என்றால் திருகை இறுக்கும்போது சக்கரம் கொஞ்சம் நகரும், இறுக்கிய பிறகு மறுபடி நூல் பிடிக்க வேண்டும்.

தொய்வு வேண்டும். படுக்கை டிரைவில் மைய தூரம் ஒரு மீட்டர் என்றால் தொய்வான பக்கத்தின் நடுவில் 20 முதல் 40 மி.மீ. ஆட வேண்டும். எலிவேட்டர் மாதிரி நிமிர்ந்த டிரைவுக்கு 10 போதும்.

விழுப்புரம், மணிலா (நிலக்கடலை) உடைக்கும் மிஷின்: பழைய சக்கரத்தைத் திருப்பி மாட்டினா இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா? லாக் கிளிப்பை எந்தப் பக்கம் பார்த்துப் போடணும்?

ஓடும். பல்லின் ஒரு முகம் மட்டும் தேய்ந்து, கொக்கி விழாமல் இருந்தால் திருப்பிப் போட்டு மறு முகத்தை வேலை வாங்கலாம். ஹப் ஒரு பக்கம் மட்டும் இருக்கும் சக்கரம் என்றால் திருப்பியதும் பல் வரிசை இடம் மாறும், சாஃப்டில் நகர்த்தி நூல் பிடித்துச் சரி செய்யுங்கள். செயினின் இணைப்பு லிங்க்கைப் பூட்டும் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். திறந்த வாய் முன்னால் இருந்தால் எதிலாவது மாட்டிக் கழன்று விழும். உங்கள் மிஷினில் மோட்டாரைத் திசை மாற்றி ஓட்டும் பழக்கம் இருந்தால் கிளிப் வேண்டாம், கம்பி ஊசி போட்ட லிங்க் கேட்டு வாங்குங்கள்.