கேளுங்கள், சொல்கிறேன்

கேள்வி: எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் என்னைப் பற்றி ஒருவர் பொய்யாக எழுதினார், ஆடியோவும் போட்டார். இது லைபலா, ஸ்லாண்டரா? இந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன?
– ஒரு வாசகி, கோவில்பட்டி

பதில்: அம்மா, எழுதினால் லைபல், வாயால் சொன்னால் ஸ்லாண்டர். இங்கிலாந்துக்காரர்கள் போட்ட கோடு இது.

லைபல் பாவம், பிறக்கும்போது நல்ல பிள்ளை. லத்தீனில் 'லிபெல்லுஸ்' என்றால் சின்னப் புத்தகம், அவ்வளவுதான். இங்கிலாந்தின் சர்ச் கோர்ட்டுகளில் பிராதுக்கே லைபல் என்றுதான் பெயர். வக்கீல் குமாஸ்தாவாகப் பிராது எழுதியே காலம் தள்ளிய எனக்கு இதில் ஒரு அற்ப சந்தோஷம். ஆள் பெயரைக் கெடுக்கும் துண்டுப் பிரசுரத்தை ரோமானியர்கள் 'லிபெல்லுஸ் ஃபாமோசுஸ்' என்றார்கள். நாளடைவில் அடைமொழி உதிர்ந்தது. பழி புத்தகத்தின் தலையில் விழுந்தது.

ஸ்லாண்டரின் பூர்வீகம் கிரேக்கம். 'ஸ்காண்டலோன்' என்றால் கண்ணி, காலை இடறும் தடை. லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்து ஸ்லாண்டர் ஆனது. ஸ்காண்டலும் அதே வயிற்றுப் பிள்ளைதான்.

சாத்தானைக் குறிக்கும் டெவில் என்ற சொல்லும் இந்தக் கூட்டம்தான். கிரேக்கத்தில் 'டியாபொலோஸ்' என்றால் அவதூறு பேசுகிறவன். எபிரேய வேதத்தைக் கிரேக்கத்தில் பெயர்த்தவர்கள் சாத்தானுக்கு இந்தப் பெயரைத்தான் வைத்தார்கள். கொம்பும் வாலும் பிற்பாடு வந்தவை.

எனக்குப் பிடித்தது சைகோஃபன்ட். ஏதென்ஸில் பொய் வழக்குப் போட்டுக் காசு பறித்தவர்களுக்கு அந்தப் பெயர். சொல்லுக்கு நேர்ப்பொருள் 'அத்திப்பழத்தைக் காட்டுகிறவன்', அதை வைத்து ஒரு கதை சொல்வார்கள். எனக்கு நம்பிக்கை இல்லை. இப்படிப்பட்டவர்களை அடக்க அங்கே ஒரு விதி இருந்தது: பொது வழக்குப் போட்டவருக்கு ஜூரிகளில் ஐந்தில் ஒரு பங்கு ஓட்டுகூட விழாவிட்டால் 1000 திராக்மா அபராதம். நம் கோர்ட்டில் இதைக் கொண்டுவந்தால் பாதி வழக்குக் கட்டு குறையும். ஆங்கிலத்துக்கு வந்தபோது அந்தச் சொல் கோள் சொல்கிறவனைக் குறித்தது. இன்று ஜால்ரா அடிப்பவனை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். நம் குற்றவியல் சட்டத்தில் எழுத்து, பேச்சு என்ற பாகுபாடே இல்லை, இரண்டும் அவதூறுதான். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 499, 1.7.2024 முதல் பாரதிய நியாய சன்ஹிதா 356. இரண்டு வருடம் வரை வெறுங்காவல், அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவை செய்யச் சொல்லவும் இடமுண்டு. ஆடியோவையும் பதிவையும் அழித்துவிடாமல் வக்கீலிடம் காட்டுங்கள்.