அந்தக் குலவை உங்களுடையதுதான்

கேள்வி: எனக்கு வயது 46. அரசு உயர்நிலைப் பள்ளியில் கணித ஆசிரியை. சென்ற ஆடி மாதம் மானாமதுரை அருகே என் அம்மாவின் ஊரில் முளைப்பாரித் திருவிழா. ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு மூதாட்டி கையைப் பிடித்து இழுக்க, கும்மிக்குள் போய்விட்டேன். குலவையிட்டேன். கொண்டை அவிழ்ந்ததுகூடத் தெரியவில்லை. இரண்டு மணி நேரம் ஆடினேன். அன்றிரவு, பல வருடங்களுக்குப் பிறகு, அயர்ந்து தூங்கினேன். திங்கட்கிழமை வழக்கம்போல் பள்ளிக்குப் போய்ப் பாடம் நடத்தினேன். ஆனால் உறவினர் ஒருவர் அதை வீடியோ எடுத்துக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார். ‘படித்தவள், டீச்சர், இப்படி ஆடலாமா?’ என்று ஒரே பேச்சு. என் 17 வயது மகள், ‘எனக்கு அசிங்கமாக இருக்கிறது, அம்மா’ என்கிறாள். கணவர் இதுவரை ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. சிறுவயதில் என் பாட்டி என்னை ‘அடங்காப்பிடாரி’ என்றுதான் கூப்பிடுவார். அந்தப் பிடாரி திரும்பி வந்துவிட்டாளோ? போன வாரம் மகளோடு நடந்த வாக்குவாதத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி எறிந்துவிட்டேன். எனக்கு மனநலம் கெட்டுவிட்டதா? ஆனாலும் ஒன்றை மறைக்க முடியவில்லை. மறுபடியும் குலவையிட வேண்டும் போலிருக்கிறது.

– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, சிவகங்கை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறேன். அந்த ஒரு வரிக்காகத்தான் முழுக் கடிதத்தையும் எழுதியிருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. குலவையிடுங்கள். தயங்க வேண்டாம்.

மனநலத்தைப் பற்றிய பயத்தை முதலில் இறக்கி வைத்துவிடுவோம். அன்று நடந்ததெல்லாம் உங்களுக்கு நினைவிருக்கிறது. இரவு தூங்கியிருக்கிறீர்கள். திங்கட்கிழமை கரும்பலகை முன் நின்று கணக்குப் போட்டிருக்கிறீர்கள். இதில் எனக்கு நோயின் அடையாளம் எதுவும் தெரியவில்லை. தொடர்ந்து பல நாள் தூக்கம் வராமல் போனாலோ, கோபம் அடிக்கடி கை மீறினாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் நிற்கப்போகும் வயதில் உடம்பில் நடக்கும் மாற்றங்கள் தூக்கத்தையும் கோபத்தையும் தொடக்கூடியவை என்பதால் பெண்கள் நல மருத்துவரிடமும் ஒருமுறை பேசிவிடுங்கள்.

இனி அந்தத் தட்டு. கும்மியையும் தட்டையும் ஒரே மூட்டையில் கட்டி என்னிடம் கொடுத்திருக்கிறீர்கள். நான் அதைப் பிரிக்கிறேன். கும்மியில் நீங்கள் பத்து இருபது பெண்களோடு இருந்தீர்கள், யாருக்கும் வலிக்கவில்லை, முடிந்ததும் உடம்பு லேசாகி உறங்கினீர்கள். தட்டு உங்களைவிடச் சிறியவளான ஒருத்தியின் முன்னால் விழுந்தது. அவள் பயந்திருப்பாள். அன்றிரவு நீங்கள் உறங்கியிருக்க மாட்டீர்கள். இரண்டையும் ‘பிடாரி’ என்று ஒரே பெயரால் அழைத்தால் அந்தப் பெயருக்கு நீங்கள் அநியாயம் செய்கிறீர்கள். தட்டுக்காக மகளிடம் மன்னிப்புக் கேளுங்கள், ‘ஆனால் நீயும்தான்’ என்று சேர்க்காமல். கும்மிக்காக ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்காதீர்கள்.

உங்கள் பாட்டி உங்களை அழைத்த பெயரைப் பற்றி நிறைய யோசித்தேன். அடங்காதவள் என்று திட்டுவதற்கு நம் மொழி ஒரு தெய்வத்தின் பெயரைத் தேடிப் பிடித்திருக்கிறது! பிடாரி ஊரின் காவல் தெய்வம். ராஜராஜன் காலத்துத் தஞ்சைக் கல்வெட்டுகளில், ஊர் நிலங்களுள் வரி விலக்குப் பெற்ற இடங்களைச் சொல்லும்போது பிடாரி கோயிலும் வருகிறது. ஊர் நிலத்திலேயே இடம் கொடுத்து, வரி கேட்காமல், பொங்கல் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். அதே பெயரை வீட்டுக்குள் ஒரு சிறுமிக்கு வைத்தால் மட்டும் அது வசையாகிவிடுகிறது. பாட்டியை நான் குறை சொல்லவில்லை. தன்னை அடக்கிய கைகளிடமிருந்துதான் அவரும் அந்த வசையைக் கற்றிருப்பார்.

வசையையே பெயராக எடுத்துக்கொண்ட ஒருத்தி நம்மிடம் இருக்கிறார். புனிதவதி, நாம் காரைக்கால் அம்மையார் என்று கும்பிடுபவர். வணிகன் மனைவி, காரைக்காலில் நல்ல இல்லத்தரசி. கணவன் தன்னை விட்டு விலகியபின், அவனுக்காகச் சுமந்த அழகு இனி வேண்டாமென்று பேய் வடிவம் கேட்டு வாங்கினார் என்கிறது பெரியபுராணம். திருவாலங்காட்டில் சிவனின் ஆடலைப் பாடிய அவர், பாட்டின் முடிவில் தன்னைக் காரைக்கால் பேய் என்றே சொல்லிக்கொள்கிறார். ஊர் எதைச் சொல்லி மிரண்டு ஓடுமோ, அதுவே அவருடைய கையெழுத்து. சிவன் கோயில்களில் அறுபத்து மூவர் வரிசையைப் பாருங்கள். மற்றவர்கள் நிற்க, அவர் அமர்ந்திருப்பார். நீங்கள் வீட்டைத் துறக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை. பெயர் ஒன்றைச் சொல்லிக் கூப்பிட்டால் கூசிப்போக வேண்டியதில்லை என்கிறேன், அவ்வளவுதான்.

‘படித்தவள் இப்படி ஆடலாமா’ என்ற பேச்சுக்கு வருகிறேன். என்னைக் கோபப்படுத்தியது அதுதான். அந்தக் கேள்விக்குள் இன்னொரு வாக்கியம் ஒளிந்திருக்கிறது: குலவையும் கும்மியும் வயலில் நிற்கும் பெண்களுக்கு உரியவை, நமக்கு இல்லை. நாற்று நடத் தொடங்கும்போதும், பொங்கல் பானை பொங்கும்போதும், முளைப்பாரி தலையில் ஏறும்போதும் எழுந்த குரல் அது. கூலிக்கு வேலை செய்த பெண்கள்தான் அதை விடாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். நம் குடும்பங்கள் நாலு எழுத்துப் படித்துச் சம்பளம் வாங்கத் தொடங்கியதும் முதலில் கழற்றிப் போட்டது அந்தக் குரலைத்தான். நாகரிகம் என்று அதற்குப் பெயர் வைத்தோம். அதில் சாதியும் இருக்கிறது, மறைக்க வேண்டாம். பறையை இழவு வீட்டுக்கு மட்டும் என்று ஒதுக்கியதும் இதே மனசுதான். இன்று அதே பறையை இளம்பெண்கள் தோளில் மாட்டி மேடையில் அடிக்கிறார்கள். மதுரைப் பக்கத்துப் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ விருது வந்தது. உங்கள் வாட்ஸ்அப் குழுவினருக்கு இந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

குலவையைத் தனியாக ஒருத்தி இட்டுப் பார்த்திருக்கிறீர்களா? நாக்கு வாய்க்குள் சுழல்கிறது, குரல் ஏறுகிறது, மூச்சு இருக்கும் வரைதான் ஓசை. மூச்சு முடிகிற இடத்தில் பக்கத்திலிருப்பவள் தொடங்க வேண்டும். அவள் விடும்போது இன்னொருத்தி எடுக்க வேண்டும். குறுந்தொகையில் ஔவையார் பாட்டு ஒன்று இருக்கிறது, 28ஆவது. காதல் நோயில் தவிக்கும் ஒரு பெண், முட்டுவேனா, தாக்குவேனா, ஏதாவது சாக்கிட்டு ‘ஆ, ஒல்’ என்று கூவிவிடுவேனா என்று கேட்கிறாள். யாரைப் பார்த்து? தன் நோய் தெரியாமல் தூங்கிக்கொண்டிருக்கும் ஊரைப் பார்த்து. அவளுக்கும் உங்களுக்கும் குரல் ஒன்றுதான். அவளுடைய ஊர் தூங்கிற்று. உங்களுக்கு ஊர் விழித்திருந்தது, கையை நீட்டி உள்ளே இழுத்தது, நீங்கள் மூச்சு விட்ட இடத்தில் தன் மூச்சைக் கொடுத்தது. 46 வயது வரை உங்களுக்குக் கிடைக்காமல் இருந்தது அந்தப் பதில் குரல் என்று நினைக்கிறேன். இரண்டு மணி நேரம் ஆட வைத்தது அதுவாகத்தான் இருக்கும்.

என் அம்மா இறந்த அன்று எனக்கு அழுகை வரவில்லை. வந்தவர்களுக்குக் காபி கொடுத்துக்கொண்டிருந்தேன், சாமியானாக்காரரிடம் கணக்குப் பேசிக்கொண்டிருந்தேன். மதியம் ஊரிலிருந்து பெண்கள் வந்து இறங்கினார்கள். வட்டமாக உட்கார்ந்து என்னையும் தோள் பிடித்து உள்ளே சேர்த்துக்கொண்டார்கள். ஒருவர் ஒப்பாரியை எடுத்தார். அம்மாவின் நீலச் சேலையும், அவர் நட்ட முருங்கையும், அவர் பேச்சு நிறுத்திய நாத்தனாரும்கூட அந்தப் பாட்டில் வந்தார்கள். என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன்பும் பின்பும் நான் அதைக் கேட்டதில்லை. எனக்கு மறக்காமல் இருப்பது அதற்குப் பிறகு நடந்தது. பாட்டை எடுத்த அந்தப் பெண்மணியே முந்தானையால் என் முகத்தைத் துடைத்து, தண்ணீர் கொடுத்து, அவிழ்ந்து கிடந்த என் கூந்தலை அள்ளி முடிந்துவிட்டார். உள்ளே கூட்டிப் போக அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வெளியே கூட்டி வரவும் தெரிந்திருந்தது. தட்டு எறியும் கோபத்தில் அந்த இரண்டாவது கை கிடையாது, பாருங்கள்.

ஆகவே, இதை வீட்டுச் சமையலறையில் தனியாகச் செய்து பார்க்காதீர்கள். அந்த ஊருக்கே திரும்பப் போங்கள், திருவிழா இல்லாத நாளில். உங்கள் கையைப் பிடித்த மூதாட்டியைத் தேடிப் போய், முளைக்கொட்டுப் பாட்டுகளைச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கும்மியின் அடவுகளைக் கேளுங்கள், கணக்கு ஆசிரியைக்கு அந்தத் தாளக் கணக்கு பிடித்துப்போகும். அடுத்த முறை நீங்களும் ஒரு பாரி வளருங்கள். இருட்டறையில் விதை போட்டுத் தண்ணீர் தெளித்து, இரவுகளில் சுற்றிப் பாடி, கடைசியில் தலையில் சுமந்து போய்க் கண்மாயில் கரைக்கும் அந்த நாட்கள் முழுவதும் உங்களுக்கு வேண்டும். பள்ளியிலும் வழி இருக்கிறது: கலைத் திருவிழாவுக்குப் பிள்ளைகளைத் தயார்செய்யும்போது, கும்மி கற்றுத் தர நானிருக்கிறேன் என்று தலைமை ஆசிரியரிடம் சொல்லுங்கள். வீடியோ பார்த்த பெற்றோர் இருந்தால் அவர்களுக்கும் அதுவே பதில்.

வீடியோ எடுத்தவரிடம் நேராகப் பேசுங்கள். உங்களைக் கேட்காமல் எடுத்ததும், கேட்காமல் பரப்பியதும் தவறு. அழிக்கச் சொல்லுங்கள். ஆடியதற்கு வெட்கப்பட்டு அழிக்கச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கணவரின் மௌனத்துக்கு நீங்களாகவே அர்த்தம் எழுதிக்கொண்டிருக்கிறீர்கள். ‘அன்று என்னைப் பார்த்தபோது உங்களுக்கு என்ன தோன்றியது?’ என்று கேட்டுவிடுங்கள். பதில் கசப்பாக இருக்கலாம். வேறு மாதிரியும் இருக்கலாம். மனைவியின் முகத்தில் இத்தனை வருடம் பார்க்காத ஒன்றைப் பார்த்துவிட்டு, என்ன சொல்வதென்று தெரியாமல் இருக்கும் ஆண்களை எனக்குத் தெரியும்.

மகளுக்கு 17 வயது. அந்த வயதில் அம்மா சத்தமாகச் சிரித்தாலே கூசும். விளக்கம் சொல்லி அவளை ஜெயிக்கப் பார்க்காதீர்கள். மன்னிப்புக் கேட்டபின், அவளுக்கு எப்போது கத்த வேண்டும் போலிருக்கும் என்று மட்டும் கேளுங்கள். அவள் சொல்லத் தொடங்கினால் குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவளையும் வீட்டில் யாரோ, ஏதோ ஒரு பெயர் சொல்லித் திட்டிக்கொண்டுதான் இருப்பார்கள். அது நீங்களாகவும் இருக்கலாம், சகோதரி.

நோட்டில் முதல் பாட்டை எழுதியதும் எனக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். பிழை திருத்த வேண்டாம், அந்தப் பாட்டி பாடியபடியே எழுதுங்கள்.