வாரந்தோறும் காலி செய்தும் தொட்டியில் கொசுப்புழு: பதில்

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, தொட்டியின் உட்சுவரை அழுத்தித் தேய்க்க வேண்டும். வாரந்தோறும் காலி செய்தும் புழு நெளிகிறது என்கிறீர்களே, அது அநேகமாகச் சுவரில் தங்கிவிட்ட முட்டைகளின் வேலை.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, நீர்மட்டத்துக்குச் சற்று மேலே ஈரச் சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அவை காய்ந்துபோனாலும் பல மாதங்கள் தாங்கும். நீங்கள் மறுபடி நிரப்பும் தண்ணீர் மேலே வந்து தொட்டதும் பொரிந்துவிடும். பொல்லாத ஏற்பாடு!

அடுத்த முறை காலி செய்ததும் நீர்க்கோட்டை ஒட்டி டார்ச் அடித்துப் பாருங்கள். பொடிப்பொடியாகக் கரும்புள்ளிகள் தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். முரட்டு பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, அந்த நீரை வறண்ட தரையில் ஊற்றுங்கள். பிறகு இடைவெளியில்லாமல் மூடுங்கள்.

புழு ஒழிந்த பிறகும் கொசு குறையாவிட்டால், ஃபிரிட்ஜின் பின்புறம் தண்ணீர் தேங்கும் தட்டைப் பாருங்கள். அதைப் பெரும்பாலும் யாரும் நினைப்பதே இல்லை.

ஒன்று: ஏற்கெனவே பறக்கும் கொசுக்கள் சில வாரங்கள் உயிரோடு இருக்கும், கடி உடனே நிற்காது. இதற்கிடையில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் வேண்டாம். டெங்குவாக இருந்தால் ரத்தக்கசிவு அபாயம் கூடும். மருத்துவரிடம் காட்டுங்கள்.