‘இல்லை’ என்று சொல்லிவிட்டேன்

அன்புள்ள ஆலோசகருக்கு,

வயது 34. சொந்த ஊர் கன்னியாகுமரி மாவட்டம்; வேலை வடமாநில நகரம் ஒன்றில். எட்டு மாதங்களுக்கு முன் ஒரு மாலை, நண்பர் வீட்டில் ஏழெட்டுப் பேர் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தோம். கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு கும்பல் நுழைந்தது. ‘நீ கிறிஸ்தவனா?’ என்று ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நண்பர் ஆம் என்றார், அறைந்தார்கள். என் முறை வந்தது. ‘இல்லை, வாடகை விஷயமாகப் பேச வந்தேன்’ என்றேன். கையிலிருந்த ஜெபமாலையைச் சட்டைப்பைக்குள் நழுவவிட்டேன். போகச் சொன்னார்கள். வந்துவிட்டேன்.

அதன்பின் நான் நற்கருணை வாங்கவில்லை. இரவு இரண்டு மணிக்குக் கதவு தட்டும் சத்தம் கேட்டு எழுகிறேன். வெளியே யாரும் இருப்பதில்லை. விடுமுறையில் ஊருக்குப் போனால் அம்மா காற்றாடிமலைக்குக் கூப்பிடுகிறார். விசுவாசத்தை விடமாட்டேன் என்று நின்ற புனிதர் தேவசகாயம் பிள்ளை குண்டடிபட்டு விழுந்த இடத்தில் நான் எந்த முகத்தோடு நிற்பேன்? இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்த பேதுருவாவது அழுதார். எனக்கு அழுகையும் வரவில்லை.

*

அன்புள்ள சகோதரருக்கு,

முதலில் அந்த இரண்டு மணி. மிரட்டலுக்கு நடுவே நிற்கும்போது, மனம் யோசித்து முடிக்கும் முன் வாய் முந்திக்கொள்ளும். அந்தப் பயம் எட்டு மாதமாகியும் உடம்பைவிட்டு இறங்கவில்லை. அழுகை வராததும் அதில் சேர்ந்ததாக இருக்கலாம். ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை கொடுத்தால் சாப்பிடுங்கள். அது விசுவாசக் குறைவாகாது. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனம் செய்வதா என்பதை உங்கள் பங்குத்தந்தையிடம் பேசுங்கள், அது அவருடைய வேலை.

தேவசகாயம் பிள்ளையிடம் நீங்கள் பார்ப்பது அவர் சுடப்பட்ட 1752 ஜனவரி 14-ஐ மட்டும். அவர் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்றது 1745-இல், சிறைப்பட்டது 1749-இல். நடுவில் எத்தனை இரவுகள்! அதற்கும் முன்னால், துன்பத்தில் தளர்ந்திருந்தவருக்கு எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவின் கதையைச் சொல்ல, டச்சுக் கம்பெனியின் முன்னாள் படைத்தலைவர் டிலனாய் பக்கத்தில் இருந்தார். ஆண்டுக்கணக்கில் ஊறிய உறுதியை உங்கள் ஐந்து நொடியோடு தராசில் வைக்கிறீர்கள். இந்தக் கணக்கு எனக்கு நியாயமாகப் படவில்லை.

கி.பி. 250-இல் ரோமப் பேரரசன் தெசியுஸ், எல்லோரும் ரோமத் தெய்வங்களுக்குப் பலியிட்டுச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று ஆணையிட்டான். கிறிஸ்தவர்கள் பலர் பயந்து பலியிட்டார்கள். சிலர் பலியிடாமலே காசு கொடுத்துச் சான்றிதழ் வாங்கினார்கள் (உங்கள் வாடகைக் கதை இந்த ரகம்). வட ஆப்பிரிக்காவில் கார்த்தேஜ் நகரின் ஆயர் சிப்ரியான் தலைமறைவானார். அதற்காக ஏச்சும் வாங்கினார். மறு ஆண்டு அவர் கூட்டிய ஆயர்கள் சங்கம், இப்படி விழுந்தவர்கள் தவம் செய்து திரும்பி வர வழிவைத்தது. 258-இல் அதே சிப்ரியான் தப்பி ஓடாமல் வாளுக்குக் கழுத்தைக் கொடுத்தார். ஒளிந்தவர் என்பதற்காகத் திருச்சபை அவரைப் புனிதர் வரிசையிலிருந்து நீக்கிவிடவில்லை.

கடைசியாக, உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்திய ஒன்று. அறை வாங்கிய நண்பர் ஒரே வரியில் வந்து மறைகிறார். பிறகு அவருக்கு என்ன ஆயிற்று? உங்களுக்குத் தெரியாதா, அல்லது நீங்கள் கேட்கவே இல்லையா? கடவுளிடம் என்ன முகத்தோடு நிற்பது என்று எட்டு மாதம் வருந்தியது, இவர் முகத்தைப் பார்ப்பதைத் தள்ளிப்போடவும் உதவியிருக்கிறது என்று சந்தேகப்படுகிறேன்.

அவருக்குப் போன் செய்யுங்கள். உங்கள் தரப்பை விளக்க வேண்டாம். ‘நான் போனபிறகு என்ன நடந்தது?’ என்று மட்டும் கேளுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். அம்மாவுடன் மலைக்குப் போவதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.