பழைய நடிகை படம் ஏலத்தில்: அசல்தானா?

கேள்வி: நடிகை எலன் டெர்ரி லேடி மெக்பெத் வேடத்தில் இருக்கும் லண்டன் ஸ்டுடியோ படம் ஒன்று இணைய ஏலத்தில் வந்திருக்கிறது. '1888, அசல், மிக அபூர்வம்' என்கிறார் விற்பவர். முன்பக்கத்தை மட்டும்தான் காட்டியிருக்கிறார். வாங்கலாமா?

பதில்: முன்பக்கத்தை மட்டும் பார்த்துப் பணம் கட்டிவிடாதீர்கள். பின்பக்கத்தையும் அட்டையின் ஓரத்தையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அளவையும் கேளுங்கள். அந்தக் காலத்தில் படத்தை ஒட்டி விற்ற 'கேபினட் கார்டு' அட்டை ஏறக்குறைய 4¼ அங்குல அகலம், 6½ அங்குல உயரம் இருக்கும். ஸ்டுடியோவின் பெயர் அட்டையிலேயே அச்சாகியிருக்கும். இந்த வேடத்தில் அவரைப் படம் எடுத்தது பேக்கர் தெருவில் இருந்த விண்டோ அண்ட் குரோவ் ஸ்டுடியோ.

உங்கள் ஆசை எனக்குப் புரிகிறது. லண்டன் லைசியம் அரங்கில் 1888 டிசம்பர் கடைசியில் மேடையேறிய ஷேக்ஸ்பியரின் 'மெக்பெத்' நாடகம் அது. பொன்வண்டுச் சிறகுகளை வைத்துத் தைத்து அவர் அதில் அணிந்த பச்சை உடையை யாரால் மறக்க முடியும்? ஆனால் 'மிக அபூர்வம்' என்ற சொல்லுக்காகக் கூடுதல் விலை கொடுக்க வேண்டாம். பிரபல நடிகர்களின் படங்களை அன்று கடைகளில் வைத்தே விற்றார்கள். மக்கள் வாங்கி ஆல்பத்தில் சேர்த்தார்கள். ஒரே படத்துக்குப் பல பிரதிகள் போடப்பட்டன.

சரி, கைக்கு வந்ததும் என்ன பார்ப்பது? நகைக்கடைக்காரர்கள் வைத்திருக்கும் பத்து மடங்கு லென்ஸை வைத்து முகத்தைப் பாருங்கள். அன்றைய படங்களில் பெரும்பாலானவை முட்டை வெள்ளைக்கரு பூசிய மெல்லிய தாளில் போட்டு அட்டையில் ஒட்டியவை. அதில் சாயல் சீராக ஓடும், புள்ளிகள் இருக்காது. புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது அச்சு இயந்திரத்திலோ பிரிண்டரிலோ வந்தது. நிஜமான பழைய அட்டை மேல் புதுப் படத்தை ஒட்டியும் ஏமாற்றலாம், அதனால் அட்டை பழையது என்பதோடு நின்றுவிடாதீர்கள். கள்ள நோட்டுப் பார்க்கும் புற ஊதா விளக்கை இருட்டில் படத்தின் மேல் அடியுங்கள். பளிச்சென்று நீலவெள்ளையாக ஒளிர்ந்தால் வெண்மையூட்டி சேர்த்த இந்தக் காலத்துத் தாள்.

கையெழுத்து இருப்பதாகச் சொன்னால் இன்னும் கவனம் தேவை. அச்சடித்த கையெழுத்தோடு வந்த படங்களும் உண்டு. சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால் பேனா மை தாளின் மேல் தனியாகத் தெரியும்.

இந்தச் சோதனைகளுக்கு அவகாசம் வேண்டும் என்பதால், திருப்பி அனுப்பும் வசதி உண்டா என்று ஏலம் கேட்பதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். பின்பக்கத்தைக் காட்ட விற்பவர் மறுத்தால் விட்டுவிடுங்கள், இதே படம் வேறொருவரிடம் இன்னொரு நாள் விலைக்கு வரும்.