பெரிய நடிகரின் படம் தப்பித்துவிடும், அடுத்தவரின் கதைதான் தப்பிக்காது

கேள்வி: பல கோடி செலவழித்து எடுக்கப்படும் தமிழ் அறிவியல் புனைகதைப் படங்களை இணையத் திருட்டு உண்மையிலேயே பாதிக்கிறதா? பெரிய நடிகரின் படம் எப்படியும் ஓடிவிடும் அல்லவா?

ஓடிவிடும், மறுக்கவில்லை. ஆனால் அடி விழும் இடம் வேறு. சென்னையில் விஎஃப்எக்ஸ், அதாவது கணினியில் காட்சிகளை உருவாக்கும் நிறுவனங்களில் கம்பாசிட்டிங் வேலை செய்பவன் நான்; தனித்தனியாக உருவான துண்டுகளை ஒரே காட்சியாக இணைக்கும் வேலை அது. இதை ஓரளவு கிட்டத்திலிருந்து பார்த்துவருகிறேன்.

'2.0' படத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். படப்பிடிப்பே 3டி கேமராவில் நடந்த படம். செலவு 500 கோடி ரூபாய்க்கு மேல் என்று அப்போது சொல்லப்பட்டது. 2017 தீபாவளிக்கு வரவேண்டியது, விஎஃப்எக்ஸ் வேலை முடியாமல் ஓராண்டுக்கு மேல் தள்ளிப்போய் 2018 நவம்பர் 29 அன்று வந்தது. அதற்கு முந்தைய நாள், தயாரிப்பாளரான லைகா நிறுவனத்தின் மனுவை ஏற்று, 12,000க்கும் மேற்பட்ட இணையதளங்களை முடக்கும்படி 37 இணையச் சேவை நிறுவனங்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. திருட்டுப் பிரதிகளை வெளியிடும் தமிழ்ராக்கர்ஸ் கும்பலின் முகவரிகள் மட்டுமே அதில் 2,000க்கு மேல். அப்படியும் படம் வெளியான சில மணி நேரத்தில் திருட்டுப் பிரதி இணையத்துக்கு வந்துவிட்டது.

முகவரியை முடக்கினால் பெயரின் கடைசிப் பகுதியை மாற்றிக்கொண்டு மறுபடி வருவார்கள். புதிய முகவரி டெலிகிராமில் பரவ ஐந்து நிமிடம் போதும். ஆகவே தளங்களைத் துரத்துவதைவிட, பிரதி பிறக்கும் இடத்தைப் பிடிப்பதுதான் முக்கியம் என்று நினைக்கிறேன். அந்த இடம் பெரும்பாலும் ஏதோ ஒரு திரையரங்கின் ஏதோ ஓர் இருக்கை. 2024 ஜூலையில் திருவனந்தபுரத்தில் 'ராயன்' படத்தைச் செல்பேசியில் பதிவுசெய்துகொண்டிருந்தவர் அப்படித்தான் இருக்கையிலேயே பிடிபட்டார். ஆளைப் பிடிக்காவிட்டாலும் அரங்கைக் கண்டுபிடிக்கலாம். முறையான டிஜிட்டல் திரையிடலில் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடையாளம் படத்தோடு கலந்தே திரைக்கு வருகிறது. எந்தக் கருவியில், எந்த நேரத்தில் ஓடிய காட்சி என்ற விவரம் அதில் இருக்கும். நேரக் குறி 15 நிமிடத்துக்கு ஒருமுறை மாறும். திருட்டுப் பிரதியை ஆய்வுக்கூடத்தில் கொடுத்தால் அரங்கும் காட்சி நேரமும் தெரிந்துவிடும்.

எல்லாப் படத்துக்கும் திருட்டுப் பிரதி நஷ்டம்தான். குடும்பக் கதையைச் சுமாரான பிரதியில் பார்ப்பவர் கதையையாவது தெரிந்துகொள்கிறார். அறிவியல் புனைகதையில் காட்சியே போய்விடுகிறது. ஒருமுறை மதுரைக்கு ஆம்னி பஸ்ஸில் போனபோது, நாங்கள் வேலை செய்த படம் ஓட்டுநருக்குப் பின்னால் இருந்த டிவியில் ஓடியது. தியேட்டர் பிரிண்ட். ஓர் இருண்ட சுரங்கப் பாதையில் நாயகனின் உலோக உடையின் விளிம்பில் மட்டும் நீல வெளிச்சம் படும் காட்சி அது. அந்த வெளிச்சம் அவர் கை அசைவோடு ஒட்டிப்போக வேண்டும் என்பதற்காக, ரோட்டோ பிரிவில் இருந்தவர்கள் ஒவ்வொரு பிரேமாக விரல்களின் உருவத்தைப் பின்னணியிலிருந்து வெட்டியெடுத்துக் கொடுத்தார்கள். டிவியில் தெரிந்தது வெறும் கறுப்பு. கீழே ஓர் இணையதளத்தின் பெயர் ஊர்ந்தது, யாரோ ஒருவரின் தலை குறுக்கே எழுந்து போனது. பக்கத்து இருக்கைப் பெரியவர், "கிராபிக்ஸ் ஒன்றும் சரியில்லை தம்பி" என்றார். அவர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவருக்குக் கிடைத்தது அதுதான். ஆனால் அவர் ஊருக்குப் போய் நான்கு பேரிடம் அதையே சொல்லியிருப்பார்.

இனிப் பணத்துக்கு வருவோம். விஎஃப்எக்ஸ் செலவு முழுவதும் படம் வெளிவரும் முன்பே போய்விடும். அதில் பெரும்பகுதி வட்டிக்கு வாங்கிய பணம். வேலை இழுக்க இழுக்க வட்டியும் ஏறும். முதல் மூன்று நாள் வசூலில்தான் விநியோகஸ்தர் மூச்சு விடுவார். பெரிய நட்சத்திரம் என்றால் அந்த மூன்று நாள் டிக்கெட் முன்பதிவிலேயே தீர்ந்துவிடும். நட்சத்திர பலம் இல்லாத படம், பார்த்தவர் சொல்லி அடுத்தவர் வர வேண்டிய படம். அந்தச் சொல் பரவுவதற்குள் பிரதி செல்பேசிக்கு வந்துவிடுகிறது. ஓடிடி நிறுவனங்களும் திரையரங்க வசூலைப் பார்த்துத்தான் விலை பேசுகின்றன. ஒரு படம் சறுக்கினால் அடுத்த கதையோடு போகும் இயக்குநரிடம், "இந்த வகைக்கு இங்கே சந்தை இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள்.

'இன்று நேற்று நாளை' 2015இல் சிறிய செலவில் வந்து எல்லோரையும் கவர்ந்த காலப் பயணக் கதை. அதன் இயக்குநர் ஆர். ரவிகுமாரின் அடுத்த படமான 'அயலான்', 2018இல் படப்பிடிப்பு தொடங்கி 2024 பொங்கலுக்குத்தான் வந்தது. தாமதத்துக்குப் பணச் சிக்கலும் கொரோனாவும் விஎஃப்எக்ஸ் வேலையின் அளவும் காரணங்கள். அதைத் திருட்டின் கணக்கில் எழுத மாட்டேன். ஆனால் இவ்வளவு மெலிந்த கயிற்றில் நடக்கும் இந்த வகைப் படங்களில், முதல் வாரத்தில் கொஞ்சம் கசிந்தாலும் தாங்காது.

பதிவிறக்கம் செய்த ஒவ்வொருவரும் டிக்கெட் வாங்கியிருப்பார் என்ற கணக்கை நான் ஏற்பதில்லை. பல சிற்றூர்களில் நல்ல திரையரங்கே இல்லை. நான்கு பேர் உள்ள குடும்பம் 3டி படம் பார்த்துவிட்டு இடைவேளையில் பாப்கார்னும் வாங்கினால் ஆகும் செலவு எனக்கும் தெரியும். படமே மோசமாக இருந்துவிட்டுத் திருட்டின் மேல் பழி போடும் தயாரிப்பாளர்களும் உண்டு. இவ்வளவையும் கழித்த பிறகும் ஒரு நஷ்டம் மிஞ்சுகிறது. அதைச் சுமப்பது இரண்டாம் வரிசைப் படங்கள்.

சட்டம் இப்போது கடுமையாகத்தான் இருக்கிறது. 2023இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி, திரையரங்கில் பதிவுசெய்தால் மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. அபராதம் குறைந்தது 3 லட்சம், அதிகபட்சம் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம். 500 கோடிப் படம் என்றால் 25 கோடி. அதே ஆண்டு நவம்பரில் புகார் பெறுவதற்கென்றே மத்திய அரசு அதிகாரிகளை நியமித்தது. புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் பிரதியை நீக்கச் செய்ய வேண்டும் என்பது ஏற்பாடு. வெள்ளிக்கிழமை நண்பகலில் புகார் கொடுத்தால் ஞாயிறு நண்பகல் வரை அவகாசம் என்று அர்த்தம். அதற்குள் நட்சத்திரம் இல்லாத ஒரு படத்தின் கதை முடிந்துவிடும். அந்த 48 மணி நேரத்தை நான்கைந்து மணி நேரமாகக் குறைக்க வேண்டும். அடையாளக் குறியில் சிக்கும் திரையரங்குக்கு அடுத்த படம் கிடைக்கக் கூடாது என்று தயாரிப்பாளர் சங்கமும் விநியோகஸ்தர்களும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இரண்டாவதற்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை.